தொகுப்பில் இடம் கிடைக்காத பத்தொன்பது பேர்

கிளிங்கர்ஸ் குழுவின் முப்பத்தொரு பாட்டுகளில் ஆகச் சிறந்தவை என்று பன்னிரண்டைப் பொறுக்கியெடுத்து மெட்ராஸ் கம்பெனிக்காரர்கள் இசைத்தட்டு போட ஏற்பாடு செய்தார்களே, அதில் இடம் கிடைக்காமல் விட்டுப்போன பத்தொன்பது பாட்டுகளும் ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை முதல் டவுன் பஸ்ஸில் வந்து எங்கள் சிமென்ட் ஃபேக்டரி கேட்டில் இறங்கினார்கள். ஆண்கள் பதினொரு பேர், பெண்கள் எட்டுப் பேர், கையில் பெட்டி இல்லை, படுக்கை இல்லை, பாட்டைக் கட்டிய வருஷத்திலிருந்து இன்றைக்கு எத்தனை வயசாகுமோ அத்தனை வயசு ஒவ்வொருத்தருக்கும். வாட்ச்மேன் பாலுச்சாமி யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதற்கு, "நான் லாரிக்காரிங்க", "நான் வெள்ளைக் காக்காங்க", "நான் பாம்பே போன அண்ணனுங்க" என்று வரிசையாகத் தங்கள் தலைப்பைச் சொன்னார்கள். கேட்டில் நின்றே தலை நரைத்தவன் பாலுச்சாமி, அவனை ஏமாற்ற முடியாது, சந்தேகத்துக்கு ஒவ்வொருத்தரிடமும் முதல் வரியைப் பாடிக் காட்டினான், அவர்கள் தடுமாறாமல் இரண்டாவது வரியைப் பாடினார்கள், சரி உள்ளே போங்க, எஸ்டேட் செக்ஷன் இடதுபக்கம் என்று கையைக் காட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

எஸ்டேட் செக்ஷன் என்றால் நான்தான், அம்சவேணி. கல்லாங்காடு டவுன்ஷிப்பில் யாருக்கு எந்த வீடு, எந்த வீட்டில் எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்த ஃபோர்மேன் பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு கெஸ்ட் ஹவுஸில் படுக்கிறார் என்பதெல்லாம் முப்பத்திரண்டு வருஷமாக என் விரல் நுனியில். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள், இருந்துவிட்டுப் போகட்டும், தனி மனுஷிக்கு வாயும் இல்லையென்றால் இந்த ஊரில் உட்கார நாற்காலி மிஞ்சாது. கிளிங்கர்ஸில் கிடாரை மாட்டிக்கொண்டு பாடுகிறவன் என் கூடப்பிறந்த தம்பி இளவழகன். சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் போட்டுச் சுட்டால் கறுப்பாக உருண்டை உருண்டையாக வரும், அதை அரைத்தால்தான் சிமென்ட், அந்த உருண்டைக்குப் பேர் கிளிங்கர். சூளையில் வேலை பார்த்த நாலு பேர் ஒரு ராக் பேண்டு ஆரம்பித்து அதையே பேராக வைத்துக்கொண்டார்கள். சுற்றுவட்டாரமே மெல்லிசைக் கச்சேரி கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் மட்டும் எதற்கு அப்படிக் காட்டுக் கத்தல் கத்தினார்கள் என்றால், எங்கள் அரவை மில்லில் பத்து வருஷம் நின்றவனுக்குப் பாதிக் காது போயிருக்கும், அவனுக்கும் கேட்க வேண்டுமே, அதனால்தான்.

ஃபேக்டரிக்கு ஐம்பது வருஷம் நிறைகிறது என்றுதான் அந்த இசைத்தட்டு ஏற்பாடு. எந்தப் பன்னிரண்டு என்பதில் ஒரு மாசம் அடிதடி நடந்து, கடைசியில் எங்கள் ஊர் வழக்கப்படி ஷிஃப்ட் வாரியாகப் பங்கு போட்டார்கள், ஏ ஷிஃப்ட்டுக்கு நாலு பாட்டு, பி ஷிஃப்ட்டுக்கு நாலு, சி ஷிஃப்ட்டுக்கு நாலு, ஜெனரல் ஷிஃப்ட்டுக்காரர்கள் வாயில் விரல் வைத்துக்கொண்டு நின்றார்கள். மிச்சப் பாட்டுகளின் பட்டியலும் வேண்டும் என்று இசைத்தட்டுக் கம்பெனி கேட்டது. தம்பி பதினெட்டுத்தான் எழுதிக் கொடுத்தான். ஒன்று குறைகிறதே என்று எண்ணிப் பார்த்தேன், எது என்று எனக்குத் தெரியும், அதற்குத் தலைப்பே கிடையாது, நானாகத்தான் பத்தொன்பதாவதாக 'பெயர் இன்னும் வைக்கவில்லை' என்று டைப் அடித்துச் சேர்த்தேன். வெள்ளைத் தாளை வீணாக்காதே என்று மேலிடத்து உத்தரவு இருந்ததால், 'புதிதாக வருவோர் - தங்குமிடம் தேவை' என்ற பழைய ஃபாரத்தின் பின்பக்கத்தில் அடித்தேன், அடித்து முடித்ததும் பழக்கதோஷத்தில் தாளைத் திருப்பி முன்பக்கம் சீல் குத்திச் சுருக்கொப்பமும் போட்டுவிட்டேன். கை தானாகச் செய்த வேலை. பதினைந்தாம் நாள் பஸ் வந்தபோது ஒவ்வொருத்தர் கையிலும் அந்த ஃபாரத்தின் நகல் இருந்தது, என் சீல், என் ஒப்பம், நான் எப்படி இல்லை என்று சொல்வது?

எஃப் பிளாக்கில் புகைபோக்கிக்குக் காற்றுவாக்கில் இருப்பதால் யாரும் வேண்டாம் என்று தள்ளிய பன்னிரண்டு வீடுகள் பூட்டிக் கிடந்தன, இரண்டு பேருக்கு ஒரு வீடு என்று சாவி கொடுத்தேன். முதல் வாரம் ஊர் முழுக்க எஃப் பிளாக் பக்கமாகவே காலாற நடந்தது, இரண்டாம் வாரம் பொரியல் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தது, மூன்றாம் வாரம் வழக்கம்போலப் புறம் பேச ஆரம்பித்தது. டிஸ்பென்சரி கம்பவுண்டர் நாடி பிடித்துப் பார்த்து, துடிப்பு டிரம்ஸ் கணக்கில் போகிறது, எட்டு எண்ணினதும் ஒரு உருட்டு உருட்டி மறுபடி நேராகிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார். லாரிக்காரி மட்டும் இடதுகாலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தாள், ஏனம்மா என்று கேட்டதற்குப் பிறவியிலேயே அப்படித்தான் என்றாள். அதைக் கேட்டதும் எங்கள் டிரம்மர் யாகூப், பேக்கிங் பிளான்ட்டில் நூறு பேரை அதட்டுகிற மனுஷன், நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டான், முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அந்தப் பாட்டைப் பதிவு செய்த அன்றைக்கு இரண்டாவது சரணத்தில் ஒரு தட்டு விட்டுப்போனதாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று அப்படியே விட்டுவிட்டானாம். "என்னை மன்னிச்சிரும்மா" என்று அவன் அழ, "அட விடுங்கண்ணே, பழகிப்போச்சு" என்று அவள் எழுப்பிவிட்டாள்.

மூன்று பேரைக் கான்ட்ராக்டர் மூட்டை தூக்கச் சேர்த்துக்கொண்டான், பாட்டுக்கு யூனியன் உண்டா இல்லையா என்று கொடி பிடித்தார்கள், இல்லை என்று முடிவானது. அம்மன் கோயில் கூழுக்கு அவர்களிடம் அரிசி கேட்கலாமா, பாட்டுக்கு ஜாதி எந்த ஜாதி என்று ஒரு கிழம் ஆரம்பிக்க, கட்டியவன் ஜாதியா வாசித்தவன் ஜாதியா என்று இன்னொருத்தர் கேட்க, நாலு பேர் வாசித்ததில் நாலு ஜாதி இரண்டு மதம் வந்து நின்றதால் அந்தப் பேச்சு அதோடு படுத்தது. ஃபிட்டர் வீட்டு அம்மாள் ஒருத்தி தன் மகனுக்கு ஒரு பாட்டைப் பெண் கேட்டு, பதிவு செய்த நாளை வைத்து ஜாதகம்கூடக் கணித்துவிட்டாள். தேர்வான பன்னிரண்டு பேரைப் பற்றித்தான் எல்லோருக்கும் மனத்தாங்கல். "பாத்தியா, செலக்ட் ஆனதும் ஒருத்தனாவது இந்தப் பக்கம் எட்டிப் பாத்தானா?" என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள்.

சாப்பாடு போடப் போட வாங்கிக்கொண்டார்கள், ஆனால் உடம்பில் ஒட்டவில்லை. மழைக்கோட்டு என்றொரு பாட்டு, அவர்களில் மூத்த மனுஷன், அவரை ஒரே ஒரு மழைக்காலத்தில் இரண்டு தரம் பாடியதோடு எல்லோரும் மறந்திருந்தார்கள். ஆவணியில் அவர் நிழல் போயிற்று, வெயிலில் நிற்பார், தரையில் ஒன்றும் விழாது. பிறகு குரல் போயிற்று, பிறகு காது போயிற்று, பிறகு ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை. கல்குழிக்குப் பின்னால் புதைத்தோம், மடித்த துணியின் கனம்கூட இல்லை. அப்புறம்தான் ஊருக்கு உறைத்தது, இவர்களுக்குப் பசி வேறு பசி, யாராவது முழுசாகப் பாடினால்தான் தீரும். அன்றிலிருந்து முறை வைத்துப் பாடினார்கள், பெண்கள் மாவரைக்கும்போது ஒன்று, லேப்காரர்கள் சாம்பிள் எடுக்கும்போது ஒன்று, கேன்டீனில் வடை போடுகிறவன் ஒன்று. வெள்ளைக் காக்காவுக்கு மட்டும் கொஞ்சம் பிந்திவிட்டது, காதுவரை போயிருந்தது. பாடப் பாட நிழல் திரும்பியது, குரல் திரும்பியது, காது மட்டும் திரும்பவே இல்லை. அவனைக் கூப்பிட வேண்டுமென்றால் இன்றைக்கும் போய்த் தோளைத் தொட வேண்டும்.

இனி அந்தப் பத்தொன்பதாவது ஆளைச் சொல்கிறேன், இதுவரைக்கும் சுற்றிச் சுற்றி வந்தது அதைச் சொல்ல வாய் வராமல்தான்.

பஸ்ஸிலிருந்து கடைசியாக இறங்கியவள் அவள், இருபத்திரண்டு வயசு, மெலிந்த உடம்பு. பாலுச்சாமி பேரைக் கேட்டான். "இன்னும் வைக்கலைங்க" என்றாள். அவள் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றதும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, நான்தானே வரவழைத்தேன், பழைய பாட்டு ஒன்று கணக்கில் விட்டுப்போகக் கூடாது என்ற ஒரே வீம்பில் டைப் அடித்துச் சேர்த்தேனே, இப்படிக் கண்ணும் மூக்குமாக வந்து நிற்கும் என்று யார் கண்டார்கள்? எஃப் பிளாக் சாவியை எடுக்கப் போனேன். அதற்குள் சேதி கேட்டுத் தலைமுடியைக்கூட அள்ளி முடியாமல் ஓடி வந்த என் தம்பி பெண்டாட்டி வசுமதி, "சாவிய உள்ள வைங்க அண்ணி, இவ எங்க வீட்டுக்கு வர்றா" என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

இளவழகனுக்கும் வசுமதிக்கும் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து ஒரு பெண் பிறந்தது. பிறந்த பன்னிரண்டாம் நாள் மே தினக் கச்சேரியில் அவன் ஒரு புதுப் பாட்டைப் பாடினான், மகளுக்கு என்ன பேர் வைப்பது என்பதுதான் பாட்டே. மகாராணி பேர் வேண்டாம், கிரீடம் கனக்கும் என்று ஒரு சரணம். நட்சத்திரப் பேர் வேண்டாம், அண்ணாந்து கூப்பிட்டால் கழுத்து வலிக்கும் என்று ஒரு சரணம். நதிப் பேர் வேண்டாம், கோடையில் காணாமல் போவாள் என்று ஒரு சரணம். இப்படிப் பேர் பேராகத் தள்ளிக்கொண்டே வந்து, "அப்போ உன் பேரு..." என்று இழுத்துச் சட்டென்று கிடாரை நிறுத்திவிட்டு, "மீதி முப்பதாம் நாளு, பேர் வைக்கிற அன்னிக்கு, எல்லாரும் வீட்டுக்கு வந்து கேட்டுக்கங்க" என்றான். டவுன்ஷிப் கிளப்பே விசிலடித்தது. இருபத்துமூன்றாம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது, சாயங்காலம் குழந்தை போய்விட்டது. பேர் வைக்காத குழந்தைக்குச் சடங்கு கிடையாது என்று சொல்லி ஓடைக்கரையில் ஒரு துணியைச் சுற்றிப் புதைத்துவிட்டு வந்தார்கள், எந்த இடம் என்று வசுமதிக்கு யாரும் காட்டவில்லை. அந்தப் பாட்டைப் பதிவு செய்திருந்த கேசட்டைத் தம்பி தேடிப் பிடித்து, சூளை இரைகிற சத்தத்தை அதன்மேல் பதிந்து அழித்தான். அதற்கப்புறம் புதுப் பாட்டு ஒன்றும் கட்டவில்லை. என்ன பேர் வைத்திருந்தான் என்று பெண்டாட்டியிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை.

அவள் வந்த அன்றைக்குச் சாயங்காலமே அவனைப் பிடித்தேன். சூளைக் கன்ட்ரோல் ரூமுக்கு வெளியே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"டேய் அழகா, வீட்டுக்குப் போய் அந்தப் புள்ளைய ஒரு பார்வை பாருடா."

"எந்தப் புள்ள?"

"நடிக்காத."

"அது என் புள்ள இல்லக்கா. ஒரு பாட்டு. பாதிப் பாட்டு. நம்ம வீட்டு மூக்கா அது? நம்ம ஜாடை ஏதாவது இருக்கா சொல்லு."

"மூக்கை யாருடா கேட்டா? நீ பாடினாத்தான் அது பொழைக்கும். உன்னைத் தவிர யாருக்கும் அது முழுசாத் தெரியாது. கடைசியில அந்தப் பேரைச் சொல்லு, போதும்."

அவன் டீ கிளாசைக் கவிழ்த்து வைத்தான். "பேர் வெச்சா அது ஒரு ஆளா ஆயிரும்க்கா. ஆளா இருந்து செத்ததா ஆயிரும். இப்ப அப்படி இல்ல. இப்ப, வர்றதா இருந்துச்சு, வரல. அவ்வளவுதான். அதை வெச்சுக்கிட்டுத்தான் நான் தெனம் எந்திரிச்சு ஷிஃப்டுக்கு வர்றேன். அதையும் புடுங்காத."

எனக்குக் கோபம்தான் வந்தது. உனக்கு மட்டும்தான் செத்ததா, அவளுக்குச் சாகவில்லையா, பெற்றவள் இருபத்திரண்டு வருஷமாக அழும்போது சொல்லி அழ ஒரு பேர்கூட இல்லாமல் அழுகிறாளே, அது உன் கண்ணில் படவில்லையா என்று கத்தினேன். உள்ளேயிருந்து ஆபரேட்டர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

அன்றிலிருந்து அவன் தன் வீட்டுக்குள் பின்வாசல் வழியாக வந்து பின்வாசல் வழியாகவே போனான். அவள் கூடத்தில் இருந்தால் அவன் அடுக்களையில் உட்கார்ந்து சாப்பிட்டான், அவள் அடுக்களைக்கு வந்தால் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனான். ஒரு வார்த்தை அவளிடம் பேசவில்லை. அவளும் ஒன்றும் கேட்கவில்லை, அப்பா என்று கூப்பிடவில்லை, அவனுடைய ஷிஃப்ட் சட்டைகளைத் துவைத்து நீலம் போட்டு மடித்து வைத்தாள், அவன் அவற்றை எடுத்துப் போட்டுக்கொண்டு போனான். வசுமதிதான் ஒரு புது ஆளாக ஆகிவிட்டாள், அந்தப் பெண்ணுக்குத் தலை பின்னிவிடுவதும், தன் கல்யாணப் புடவையைப் பிரித்துப் பாவாடை தைத்துக் கொடுப்பதும், சந்தைக்குக் கூடவே கூட்டிப்போவதும், ஊரில் யார் கேட்டாலும் "நம்ம வீட்டுப் பொண்ணு" என்று மட்டும் சொல்வதும். பேர் என்ன என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்தரிக்காய் விலை கேட்பாள்.

நாங்களும் எங்களால் ஆனதைச் செய்து பார்த்தோம். அந்த மே தினத்தில் கேட்டதில் எனக்கு மகாராணி சரணம் அரைகுறையாக ஞாபகம் இருந்தது, வசுமதிக்கு நதி வரி இரண்டு ஞாபகம் இருந்தது, யாகூபுக்குத் தாளம் மட்டும் ஞாபகம் இருந்தது. தினமும் காலையில் மூன்று பேரும் உட்கார்ந்து, அவன் தொடையில் தட்ட, நாங்கள் தெரிந்ததைப் பாடுவோம். அவள் கண்ணை மூடிக் கேட்பாள், முகத்தில் கொஞ்சம் தெளிச்சி வரும், அப்புறம் பாட்டு அறுந்துபோகிற இடத்தில் கண்ணைத் திறந்து எங்களையே பார்ப்பாள், எங்களுக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பு இருக்காது. கஞ்சித் தண்ணீர் ஊற்றி உயிரைப் பிடித்து வைக்கிற கதைதான். ஐப்பசியில் நிழல் போயிற்று. கார்த்திகைக்குள் குரல் போயிற்று. மூன்று தரம் தம்பி காலில் விழாத குறையாகக் கேட்டேன், ஊர்ப் பெரியவர்கள் போய்க் கேட்டார்கள், லாரிக்காரி காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்துபோய், "அண்ணே, என்னைக் குறையோட பெத்தீங்க, பரவால்ல, பேரோடதான பெத்தீங்க" என்று கேட்டாள். அவன் எழுந்து பின்வாசல் வழியாகப் போய்விட்டான்.

தை பிறந்தது, இசைத்தட்டும் வந்தது. ஃபேக்டரி மைதானத்தில் பந்தல் போட்டு, பெரிய பெரிய ஸ்பீக்கர் வைத்து, பகல் பதினோரு மணிக்கு அந்தப் பன்னிரண்டு பாட்டுகளையும் போட்டார்கள். மெட்ராஸ்காரர்கள் நன்றாகத்தான் செய்திருந்தார்கள், ஒரு இரைச்சல் இல்லை, ஒரு பிசிறு இல்லை, எங்கள் ஊர்த் தூசியே தெரியவில்லை. ஏதோ பெரிய இடத்துப் பிள்ளைகள் பாடுகிற மாதிரி இருக்கிறது என்று பாலுச்சாமி சொன்னான். யாரும் சேர்ந்து பாடவில்லை. எஃப் பிளாக்கிலிருந்து வந்த பதினேழு பேரும் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டுவிட்டு, முடிந்ததும் மரியாதைக்குக் கை தட்டினார்கள். நம் பெண் மட்டும் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போய் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பாட்டு நின்ற பிறகும் எடுக்கவில்லை, பக்கத்தில் நின்றவர்கள் கலைந்து போவதைப் பார்த்த பிறகுதான் எடுத்தாள். நானும் வசுமதியும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

அதற்கு முந்தின வாரமே அவர்கள் வீட்டுக் கொல்லையில் பைப் உடைந்து பின்வாசல் முழுக்க முழங்கால் சேறு. வசுமதி இரண்டு தரம் கம்ப்ளெயின்ட் எழுதிக் கொடுத்தாள். நான் பிளம்பரை அனுப்பவில்லை, வேண்டுமென்றேதான் அனுப்பவில்லை, முன்வாசல் வழியாக வரட்டும் துரை என்று இருந்தேன். அத்தனை நாளும் சேற்றில் இறங்கியே வந்தான், வைராக்கியம். விழா முடிந்த மூன்றாம் நாள் காலையில் ஷிஃப்ட் முடிந்து வந்தவன், கால் சறுக்கி விழுந்து எழுந்தோ என்னவோ, உடம்பெல்லாம் சேறாக முன்வாசலுக்கு வந்தான். நான் அப்போது அங்கேதான் இருந்தேன், யாகூபும் இருந்தான், வழக்கமான பாட்டுக்குத்தான் வந்திருந்தோம். அவள் வாசற்படியில் தெருவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள், படி நெடுக முறமும் தோலுமாக வழியை அடைத்துக் கிடந்தது.

அவன் நின்றான்.

"கொஞ்சம் நகரும்மா" என்றான்.

ஆறு மாசத்தில் முதல் பேச்சு. அவள் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கொஞ்சம் நகரு. உள்ள போகணும்."

அவள் உரித்த தோலை ஒதுக்கிவிட்டு இன்னொரு காயை எடுத்தாள். அவன் முகம் சிவந்தது, பிறகு அந்தச் சிவப்பு வடிந்தது. "கோவமா இருக்கா போல" என்று என்னைப் பார்த்துச் சொன்னான். "இருக்கட்டும். இருக்க வேண்டியதுதான். நான் ஒரு வார்த்தை சாப்டியான்னுகூடக் கேட்டதில்ல." பிறகு அவள் முதுகைப் பார்த்து, நான் இதுவரை கேட்காத ஒரு குரலில், "சாப்டியா சாமி?" என்றான்.

உள்ளேயிருந்து வசுமதி வந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "அவளுக்குக் காது கேட்டு எட்டு நாள் ஆச்சுங்க" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள், திட்டவில்லை, அழவில்லை. வெள்ளைக் காக்காவை ஊரில் யாருக்குத் தெரியாது, காது போனால் போனதுதான் என்று அவனுக்கும் தெரியும். அவன் சேற்றோடு அப்படியே அவளைத் தாண்டி உள்ளே ஓடினான், பரண்மேலிருந்து கிடாரை இழுத்த சத்தம் கேட்டது, பாத்திரங்கள் விழுந்த சத்தம் கேட்டது, ஒயரை மாட்டக்கூட நிற்காமல் வெறும் கிடாரோடு வந்து அவளுக்கு எதிரே தெருவில் மண்டி போட்டான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். தொண்டையைச் செருமினான், பாட ஆரம்பித்தான்.

சூளைப் புகையைக் குடித்துக் குடித்துக் கரகரத்துப்போன குரல், அவன் பாட்டுக்குப் பாடிக்கொண்டே போனான், மகாராணிப் பேரைத் தள்ளினான், நட்சத்திரப் பேரைத் தள்ளினான், நாங்கள் மறந்தே போயிருந்த பூப்பேர் சரணம், சாமிப்பேர் சரணம் எல்லாம் வந்தன, யாகூப் படியில் உட்கார்ந்து கதவில் தாளம் தட்டினான், தெருவில் போனவர்கள் சைக்கிளை நிறுத்தினார்கள். அவள் கையை நீட்டிக் கிடாரின் வயிற்றில் வைத்துக்கொண்டாள், பிறகு இன்னொரு கையை அவன் தொண்டையில் வைத்துக்கொண்டாள். அவன் நிறுத்தவில்லை. காலை வெயில் படியில் விழுந்துகொண்டிருந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் காலடியில் முதலில் ஒரு கறையாக, பிறகு தோளும் பின்னலுமாக, ஒரு நிழல் சேர்ந்தது. வசுமதி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே போய் அடுக்களைச் சுவரோடு திரும்பி நின்றுகொண்டாள்.

"அப்போ உன் பேரு..." என்று வந்த இடத்தில் அவன் நிறுத்தினான். கம்பிகளின்மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினான்.

"அக்கா" என்றான். "இது நான் சொல்லக் கூடாது. நீதான் சொல்லணும்."

எங்களில் அப்படித்தான் வழக்கம். பேரைத் தகப்பன் முடிவு பண்ணலாம், ஆனால் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அதன் காதில் மூன்று தரம் முதலில் சொல்கிறவள் அத்தைதான், அத்தை சொன்ன பிறகுதான் மற்றவர்கள் கூப்பிடலாம். அன்றைக்கு வைத்திருந்த என் முறை இருபத்திரண்டு வருஷமாக அப்படியே கிடந்தது. அவன் எட்டி என் காதில் சொன்னான். சேறும் டீயும் வியர்வையும் மணத்தது அவன்மேல்.

"அல்லி."

"இந்த மூணெழுத்தையாடா இத்தனை வருஷம் தொண்டையில வெச்சிருந்த பாவி" என்று சொல்ல வாய் வந்தது. படியில் உட்கார்ந்தேன். அவளைத் தோளைத் தொட்டுக் கூப்பிட்டு, தலையை என் மடியில் சாய்த்துக்கொண்டேன், வளர்ந்த பெண், கால் தெருவரை நீண்டது. முடியை ஒதுக்கிவிட்டு, வலது காதுக்கருகில் குனிந்து, அல்லி என்றேன். அல்லி. அல்லி.

அவள் தோளைத் தூக்கிக் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு சிரித்தாள். சத்தமாகச் சிரித்தாள், கார்த்திகைக்கப்புறம் அவள் வாயிலிருந்து வந்த முதல் சத்தம் அது.

"ஐயோ, கூசுது அத்தை" என்றாள்.

தம்பி கிடார்மேல் முகத்தை வைத்துக்கொண்டு நிமிரவே இல்லை. யாகூப் தெருவைப் பார்த்தபடி இருந்தான். அடுக்களைக்குள்ளிருந்து, முகத்தைத் திருப்பாமலேயே, வசுமதி கேட்டாள்.

"அண்ணி, கேட்டுச்சா அவளுக்கு?"

நான் அந்தக் காதைக் கையால் மூடிக்கொண்டேன்.

"கேட்டுச்சும்மா" என்றேன். "முதல் தடவையே கேட்டுருச்சு."